மானுக்கு ஜாமீன்

முன்னொரு காலத்தில், சண்டைக்கு வரப் பகைவர் யாரும் இல்லாததால் ராஜாவுக்குப் பொழுதே போகாத நாடு ஒன்று இருந்தது. அந்த ராஜாவின் பெயர் கீர்த்திவளவன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனைக்கே ஒரு சந்தை வைத்தால் என்ன?

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் கொலுமண்டபத்தில் யோசனைச் சந்தை கூடியது. யார் வேண்டுமானாலும் வந்து வீட்டுச் சந்தேகத்தைக் கேட்கலாம். அதற்கு விலை, இன்னொருவர் சந்தேகத்துக்கு ஒரு யோசனை. பால் வற்றிய பசுவை வைத்துக்கொள்வதா விற்பதா என்று குயவர் கேட்பார். பதில் கிடைத்ததும், ஊறுகாயில் பூஞ்சை பூத்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாமா என்று கேட்கும் எண்ணெய்க்காரிக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்ததை உளறிவிட்டு யாரும் நழுவக் கூடாதே என்று ராஜா ஒரு சட்டமும் போட்டிருந்தார். சொன்ன யோசனைக்குச் சொன்னவரே பொறுப்பு.

சபை விகடன் திருமேனி யோசனை சொல்லும் நாளில் கூட்டம் வாசல்வரை நிற்கும். அதைப் பார்த்துப் பிரதானி ஆவுடையாருக்கும் ஆஸ்தானப் புலவர் குருபாதத்துக்கும் வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய? சமயம் வரவேண்டுமே.

ஒரு வெள்ளிக்கிழமை ராஜாவே கேள்வி கேட்க எழுந்தார்.

"நேற்று ஒரு குதிரை வியாபாரி வந்திருந்தான். அவன் ஊரில் வருஷா வருஷம் ஒரு தொகை கட்டிவந்தால், குதிரை செத்துப்போனால் வேறு குதிரை தருவார்களாம். நம்முடைய மானுக்கும் அப்படி ஒரு ஜாமீன் வாங்கி வைக்கலாமா, வேண்டாமா?"

மான் என்று அவர் சொன்னது, குட்டியிலிருந்து தம் கையால் பால் புகட்டி வளர்த்த கலைமானை. பிள்ளையில்லாத ராஜாவுக்கு அதுதான் பிள்ளை. பத்து நாளாக அது தீனியைத் தொடவில்லை. ராஜாவும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் முகத்தைப் பார்த்த திருமேனிக்கு மனசு இளகிவிட்டது. "வாங்கி வையுங்கள் மகாராஜா. மானுக்கு உதவுகிறதோ இல்லையோ, உங்களுக்குத் தூக்கம் வரும்" என்றான்.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது. ஆவுடையார் எழுந்தார்.

"அருமையான யோசனை மகாராஜா. சட்டப்படி சொன்னவரே பொறுப்பு. ஆகவே எட்டு நாளில் மானுக்குத் தகுந்த ஜாமீனைத் திருமேனியே கொடுக்கட்டும். இல்லையென்றால் கட்டிய துணியோடு நாட்டை விட்டுப் போகட்டும். மான் வாடுவதைப் பார்த்தால் என் நெஞ்சு பொறுக்கவில்லை."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மான் இந்த மாதம் தாண்டாது என்று வைத்தியர் பிரதானியின் காதில் மட்டும் ஓதியிருந்தார். சாகப்போகிற மானுக்கு எந்த முட்டாள் ஜாமீன் நிற்பான்? கவலையில் இருந்த ராஜா யோசிக்காமல் தலையசைத்துவிட்டார்.

ஆணையை எழுத ஏட்டை எடுத்த குருபாதம் முகத்தைச் சுளித்தார். "செந்தமிழ் ஓலையில் ஜாமீன் என்ற சொல்லா, பிரதானியாரே? என் எழுத்தாணி அதை எழுதாது."

"எதையாவது எழுதும் ஐயா" என்றார் ஆவுடையார்.

புலவர் இப்படி எழுதினார்: 'மன்னர் வளர்க்கும் கலைமானுக்குத் தக்கதொரு பிணையை விகடன் திருமேனி எட்டு நாளுக்குள் கொடுக்கக் கடவன்.' ராஜா முத்திரை வைத்தார்.

வீட்டில் திருமேனியின் மனைவி வடிவு பாத்திரங்களைச் சேலையில் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் யோசனை சொன்னீங்க. இப்ப நமக்கு யாரு சொல்றது?" என்றாள்.

"பொறு வடிவு. நாளைக்கு வியாபாரிங்களப் பாக்கறேன்."

பார்த்தான். ஐந்து நாள் தெருத் தெருவாக அலைந்தான். மோர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், மான் என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். திருமேனிக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

ஆறாம் நாள் மாலை மானையே பார்க்கப் போனான். ஊறவைத்த பயறும் வெல்லமும் தொட்டியில் அப்படியே கிடந்தன. வடக்குக் காற்று வீசியதும் மான் தள்ளாடி எழுந்தது. வேலி இடுக்கில் மூக்கை நுழைத்து மோப்பம் பிடித்தது. மெல்லக் குரல் கொடுத்தது.

"சாயங்காலமானா இப்படித்தான் கூப்பிடுது சாமி" என்றார் மானைப் பார்த்துக்கொள்ளும் காவலர். "அங்கிட்டு வெளியில மான் கூட்டம் மேயுது. இதுக்குத்தான் தொணை இல்லை."

திருமேனி சற்று நேரம் மானையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இடுப்பிலிருந்த ஆணை ஓலையை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள், காவலர் பயந்து இரண்டடி பின்வாங்கினார். அங்கிருந்தே அவன் வேடர் குடியிருப்புக்கு நடந்தான்.

எட்டாம் நாள் சபையில் ஊசி விழ இடமில்லை. திருமேனி வந்தான். எப்போதும் காதில் கிடக்கும் கடுக்கனைக் காணவில்லை. கையில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில், கழுத்தில் அறுகம்புல் மாலையோடு, வேடர் வளர்த்த பெண்மான் ஒன்று நின்றது.

"பிணை எங்கே?" என்றார் ஆவுடையார்.

"இதோ நிற்கிறதே."

"மகாராஜா, இவன் சபையைக் கேலி செய்கிறான்."

"நான் அதிகம் படிக்காதவன், பிரதானியாரே. ஓலை எழுதியவர் படித்தவர். அவரையே கேட்போம்." திருமேனி கைகூப்பினான். "புலவரே, ஆண்மானுக்குக் கலை என்று பெயர். செந்தமிழில் பெண்மானுக்கு என்ன பெயர்?"

குருபாதம் ஓரக்கண்ணால் பிரதானியைப் பார்த்தார். ராஜா முன்னால் சாய்ந்து, "சொல்லும்" என்றார்.

"பிணை" என்றார் புலவர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

சபை கொல்லென்று சிரித்தது. ஆவுடையார் விடவில்லை. "இது சொல்விளையாட்டு மகாராஜா. மான் செத்துப்போனால் இந்த விளையாட்டு அதைத் திருப்பித் தருமா?"

திருமேனி பதில் சொல்லுமுன், அவன் சொல்லிவைத்திருந்தபடி காவலர் கலைமானை உள்ளே அழைத்து வந்தார். வாசலிலேயே அது நின்றது. காதுகள் நிமிர்ந்தன. பதினெட்டு நாளாகத் தள்ளாடிய கால்கள் நேராக நடந்து பெண்மானிடம் வந்தன. அதை முகர்ந்தது. பிறகு அதன் கழுத்திலிருந்த அறுகம்புல் மாலையைக் கடித்து இழுத்து, நாரைத் தவிர அத்தனையையும் தின்று தீர்த்தது.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்துவிட்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"பிரதானியார் கேட்டதற்கும் விடை இருக்கிறது மகாராஜா" என்றான் திருமேனி. "ஒன்று போனால் இன்னொன்று தருவதுதானே அந்த வியாபாரி சொன்ன ஜாமீன்? இவள் வருஷத்துக்கு ஒரு குட்டி தருவாள். நீங்கள் கட்ட வேண்டியது புல் மட்டும்தான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை நாளாகச் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். "புலவரே, எழுதும். திருமேனிக்கு ஆற்றங்கரையில் மூன்று மா பரிசு."

குருபாதம் எழுத்தாணியை ஓலையில் வைத்தார். கை நகரவில்லை.

"என்ன தயக்கம்?"

"மகாராஜா, மா என்றால் நிலத்தின் அளவு. ஆனால் குதிரை என்றும் பொருள் உண்டு. மாமரம் என்றும் உண்டு. யானை என்றும் உண்டு. பின்னால் யாராவது..."

"எழுதுங்கள் புலவரே" என்றான் திருமேனி. "எந்தப் பொருளானாலும் எனக்குச் சம்மதம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "புலவர் சொன்ன எல்லாப் பொருளிலும் மூன்று மூன்று கொடுத்துவிடுங்கள்."

"யானை மட்டும் வேண்டாம் மகாராஜா" என்றான் திருமேனி. "என் வீட்டு வாசல் சிறியது."

அன்று மாலை மூன்று மா நிலத்துக்கான ஓலையோடும், மூன்று மாங்கன்றுகளோடும், மூன்று குதிரைகளோடும் அவன் வீதியில் வந்தான். கன்றுகளைச் சுமந்து வந்தவர் பிரதானி. குதிரைகளைப் பிடித்து வந்தவர் புலவர்.