செங்கமலம் கழித்தவை

“டீச்சர், நான் இதோட நின்னுக்கறேன்.”

“ஏன்க்கா?”

“ஏழு மாசமாச்சு. எல்லார் அலமாரியும் நெறஞ்சிருக்கு. என்னோடது மட்டும் காலி.”

ஜெசிந்தா சக்கரத்தை நிறுத்தவில்லை.

“செஞ்சதெல்லாம் எங்க?”

“ஒடைச்சிட்டேன்.”

செங்கமலத்துக்கு அறுபத்தொரு வயது. டீச்சருக்கு முப்பத்துநாலு. புதுச்சேரியில் ஒரு பழைய மரக்கிடங்கை வாடகைக்குப் பிடித்து ஜெசிந்தா பீங்கான் கலை சொல்லிக்கொடுத்தார். காகிதம் போல மெல்லிய தட்டுகள், வேண்டுமென்றே நெளித்துச் சுட்ட குடுவைகள். அவர் செய்தவை வெளிநாட்டுக் காட்சிக்கூடங்கள் வரை போயிருந்தன.

செங்கமலமும் பீங்கானோடு வாழ்ந்தவர்தான். விருத்தாசலம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டர்கள் அங்கே தயாராயின. சூளையிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் சின்ன மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை.

ணங் என்றால் லாரிக்கு.

டொக் என்றால் உள்ளே எங்கோ விரிசல். கழிவுக் குவியலுக்கு.

தொழிற்சாலையை மூடி எட்டு வருடம் ஆகிவிட்டது. அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் இருக்க முடியாமல்தான் வாரம் ஒரு நாள் பஸ் ஏறி இங்கே வந்தார். சுத்தியும் பையில் கூடவே வந்தது.

“நான் செய்யறதுல ஒண்ணுகூடத் தேற மாட்டேங்குது டீச்சர். ஒண்ணு சத்தம் சரியில்ல. இல்லன்னா விளிம்பு கோணல். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க குடுவைங்க அங்க வந்திருந்தா அதையும் கழிச்சிருப்பேன்.”

ஜெசிந்தா சிரித்துவிட்டார்.

“சூளையில உங்க கிண்ணம் ஒண்ணு இருக்கே. வர்ற சனிக்கிழமை எடுக்கணும்.”

“அதையும் ஒடைக்கத்தான் போறேன்.”

“ஞாயித்துக்கிழமை கண்காட்சி. ஆளுக்கு ஒண்ணாவது வைக்கணும்க்கா.”

“அதான் நின்னுக்கறேங்கறேன்.”

ஜெசிந்தா சக்கரத்தை நிறுத்தினார். கையைக் கழுவினார். செருப்பை மாட்டினார்.

“உங்க வீட்டுக்கு வரலாமா?”

“எப்ப?”

“இப்பதான். பசிக்குது.”

இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ். டீச்சர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வந்தார். செங்கமலத்துக்கு வீட்டில் குழம்பு போதுமா என்ற கவலை.

வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதன் அடியில் ஒரு பழுப்பு இன்சுலேட்டர் நின்றது. உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுக்களையில் ஒன்று. இஞ்சி நசுக்க. கொல்லையில் துணிக்கொடியின் இரண்டு முனைக்கும் இரண்டு. இன்னொன்றைக் கவிழ்த்துப் புதைத்து, அதன் குழியில் குருவிக்குத் தண்ணீர்.

“எல்லாம் அங்கேர்ந்து வந்ததா?”

“அங்கேர்ந்துதான். கழிச்சது. கேட்ல சொல்லிட்டு யார் வேணா எடுத்துக்கலாம்.”

“பாஸ் ஆனது?”

“அது எப்படி வீட்டுக்கு வரும்? லாரியில போயிடும்.”

“எவ்வளவு பாஸ் பண்ணியிருப்பீங்க?”

“லட்சக்கணக்குல.”

“அதுல ஒண்ணு ஞாபகம் இருக்கா?”

செங்கமலம் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் டீச்சர்.”

சாப்பிட்டு முடித்த ஜெசிந்தா வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். கதவடி இன்சுலேட்டரின் சாய்ந்த உச்சியைத் தடவிப் பார்த்தார்.

“இது?”

“அதுவா?” செங்கமலத்தின் முகம் மாறியது. “எங்க வீட்டுக்காரர் சூளையில இருந்தார். கோதண்டபாணின்னா அங்க எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். ஒரு நாள் அனல் கூடிப்போய் மொத்த அடுக்கும் சாஞ்சிடுச்சு. முப்பத்தாறு. அவர் சுட்டதுன்னு தெரியும். தட்டினேன். முப்பத்தாறையும் கழிச்சேன்.”

“ஒண்ணும் சொல்லலையா அவர்?”

“மூணு நாள் பேசலை. சோறு போட்டா சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுவார். நாலாம் நாள் சைக்கிள்ல இதைக் கட்டி எடுத்துட்டு வந்து, இங்க வெச்சார். ‘நீ கழிச்சதுதானே, நீயே வெச்சுப் பாத்துக்க’ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவருக்கும்.”

செங்கமலம் குனிந்து அதைக் கதவோடு ஒட்டி நகர்த்தி வைத்தார்.

“ஆள் போய் நாலு வருஷமாச்சு. தெனம் வீடு பெருக்கறப்ப இதையும் ஒரு தடவை தொடைச்சு வெப்பேன்.”

ஜெசிந்தா செங்கமலத்தின் பையிலிருந்து சுத்தியை எடுத்தார். இன்சுலேட்டரைத் தட்டினார்.

டொக்.

“தேறாது,” என்றார்.

அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்று தலைக்கு மேலே உயர்த்தினார்.

“டீச்சர்! அதுல கை வைக்காதீங்க!”

அப்படி ஒரு குரலை செங்கமலமே தன்னிடமிருந்து கேட்டதில்லை. ஓடிவந்து பிடுங்கினார். மார்போடு அணைத்துக்கொண்டார்.

முன்பக்கம் காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா,” என்றார் ஜெசிந்தா. “குழம்பு நல்லா இருந்துது.”

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

சனிக்கிழமை செங்கமலம் வருவாரா என்று யாருக்கும் தெரியாது. வந்தார்.

சூளையைத் திறந்தார்கள். ஒவ்வொருவரும் தன்னுடையதை எடுத்துக்கொண்டார்கள். செங்கமலத்தின் வெள்ளைக் கிண்ணம் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது.

சுத்தியை எடுத்துத் தட்டினார்.

டொக்.

பேச்சு நின்றது. இதற்கு அடுத்து என்ன சத்தம் வரும் என்று அந்த வகுப்புக்கே தெரியும்.

வரவில்லை.

காதோரம் வைத்து இன்னொரு தடவை, மெதுவாகத் தட்டினார்.

“அடியில கீறல் விட்டிருக்கு,” என்றார். “தண்ணி நிக்காது.”

“இருக்கட்டும்க்கா.” ஜெசிந்தாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “மேசையில உங்க பேர் எழுதி வெச்சிருக்கேன். கொண்டுபோய் வைங்க. நல்ல வெலைக்குப் போகும், பாருங்க.”

செங்கமலம் கிண்ணத்தை முந்தானையால் துடைத்தார். துண்டில் சுற்றினார். பைக்குள் வைத்தார்.

“அதெப்படி டீச்சர் குடுப்பேன்?” என்றார். “இது கழிச்சதாச்சே.”