வாழைக்கன்னு கட்டின கை

டூர் பஸ் முதலாளி தெய்வசிகாமணி காலையிலேருந்து பட்டறையில கத்திக்கிட்டே இருந்தாரு. பஸ்ஸு டேஷ்போர்டுல பிரேக் கோளாறைக் காட்டுற ஏபிஎஸ் லைட்டு அணையவே இல்ல; எங்கயோ ஒயரு அறுந்திருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது.

“ஒயருல கை வெச்சவன் எவன்? கண்டுபிடி. அவனை இப்பவே கேட்டுக்கு வெளியே அனுப்பறேன். இல்லன்னா நீ போ!”

சக்கரத்துக்கடியில படுத்துப் படுத்து முதுகு விட்டுப்போன எலக்ட்ரீசியன் அருளப்பன், தலையை மட்டும் நீட்டினாரு.

“ஆயுதபூசைக்கு இந்தச் சக்கரத்தோரமா வாழைக்கன்னு கட்டினது யாருங்க முதலாளி?”

“நான்தான்! பூசை வேலையில இன்னொருத்தனைக் கை வைக்க விடுவேனா?”

“உங்க கட்டுக்கம்பிதாங்க சென்சார் ஒயரை அறுத்திருக்கு. பாருங்க, கம்பியில வாழைப்பட்டை இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு.”

முதலாளி தொண்டையைக் கனைச்சாரு.

“நான்... ஒரு டீ குடிச்சிட்டு வரேன்.”

“குடிங்க முதலாளி. சொன்ன சொல்லுக்காகவாச்சும் கேட்டுக்கு வெளியே போய்க் குடிங்க.”