விளிம்பில் ஒரு பள்ளம்

கோவையில் ஓர் ஒலிபெருக்கித் தொழிற்சாலை. அங்கே ஓர் இரும்பு அச்சு இருந்தது. சுழலும் அதன்மேல் அலுமினியத் தகட்டை வைத்து அழுத்தினால் கூம்புக் குழாய் பிறக்கும். கோயில் வேம்பிலும் கல்யாண வீட்டுக் கம்பத்திலும் கட்டுகிறார்களே, அதே குழாய்தான். முப்பத்தெட்டு வருஷமாக அச்சு அது ஒன்றையே பெற்றுக்கொண்டிருந்தது.

அலமாரியில் மற்ற அச்சுகள் வரும், போகும். பெட்டி அச்சு வந்தது. தூண் அச்சு வந்தது. கலர் விளக்கு எரியும் ஒலிபெருக்கிக்கென்று பூசணிக்காய் மாதிரி ஒன்றுகூட வந்தது. வந்த அன்றே எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கும்.

"பெரியவரே, நீங்க இன்னுமா போகலை?"

"என் வளைவு அப்படி. இதில் புறப்பட்ட சத்தம் மூணு ஊருக்குக் கேட்கும்" என்று அச்சு சொல்லும். இரண்டே வருஷத்தில் கேட்டவை உலைக்குப் போய்விடும். பிறகு அச்சுக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு வெட்கம் உண்டு. இரண்டாம் வருஷம் சங்கிலி அறுந்து கீழே விழுந்ததில், விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். பிறகு பிறந்த குழாய்களுக்கெல்லாம் அந்தத் தழும்பும் சேர்ந்தே பிறந்தது. அச்சு அலமாரியில் எப்போதும் பள்ளத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே உட்காரும்.

மெர்லின் என்ற புதிய இன்ஜினியர் வந்தாள். அச்சின் வளைவை மயிரிழை பிசகாமல் அளந்து புதிய அச்சு ஒன்று செய்தாள். பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டாள். பழையதைப் பழைய இரும்புக் குவியலில் போட்டார்கள். அடுத்த வாரம் உலை மூட்டும்போது உருக்கிவிடுவார்கள்.

"உங்க வளைவுதான் எனக்கும்ணே, தழும்புதான் இல்லை" என்றது புதிய அச்சு.

"நல்லது. இனிப் பிறக்கிறதாவது மாசு மறு இல்லாமல் பிறக்கட்டும்" என்றது பழையது. சாக அதற்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனதார வாழ்த்தியது.

நாலாம் நாள், மைக்செட் ராக்கியண்ணன் இரண்டு குழாய்களோடு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, எனக்கு டூப்ளிகேட்டை அனுப்பிப் போட்டீங்களே!"

மெர்லின் குழாயில் பாட்டுப் போட்டுக் காட்டினாள். "அதே சத்தம்தானேங்க?"

"சத்தத்தை இப்ப ஆருங்க கேட்டா? கவுறு எங்கீங்க கட்டறது?" அவர் விரல் விளிம்பைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடியது. "ஒரு பள்ளம் இருக்குமுங்க. எங்கப்பன் காலத்துல இருந்து அதுலதான் கவுத்தைக் குடுத்து இறுக்கறது. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், வழுக்குற குழாய் நிக்குமுங்களா? மாரியாத்தா நோம்பிக்குக் கட்டினேன். குழாய் திரும்பிக்கிச்சு. எங்கூரு பாட்டெல்லாம் பக்கத்தூருக்காரன் கேட்டுட்டுப் படுத்திருக்கறானுங்க!"

குவியலில் கிடந்த அச்சுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று ஊருக்குக் கேட்ட சத்தத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தது தன் பள்ளமா?

மெர்லின் சம்மட்டி எடுத்து வரச் சொன்னாள். பழைய அச்சைப் பக்கத்தில் வைத்து, பள்ளத்தின் இடமும் ஆழமும் அளந்து, புதியதில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாள். பழையதின் வேலை அத்தோடு முடிந்தது. உலைக்குப் போகும் வண்டியில் அதை ஏற்றினார்கள்.

"அண்ணே, இனி நானும் சுவரைப் பார்த்துத்தான் உட்காரணுமா?" புதியது அழுதது.

"முப்பத்தாறு வருஷம் வீணா வெட்கப்பட்டுட்டேன், தம்பி. நீ படாதே" என்றது பழையது.

சம்மட்டி ஓங்கியது. வண்டி நகர்ந்தது.