ஆமைக்குப் பின்னால் நடந்த கப்பல் தலைவன்

கேளுங்கள். காற்று அடித்த பக்கமே கப்பல் போன காலத்தில், மாநாகன் என்றொரு கப்பல் தலைவன் இருந்தான். கடலுக்குப் பயப்படமாட்டான், புயலுக்குப் பயப்படமாட்டான், ஆனால் ஆமைக் குழம்பு இல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிடமாட்டான்.

நடுக்கடலில் ஒரு தீவு. அங்கே வண்டிச் சக்கரம் பருமனுக்கு ஆமைகள் வாழ்ந்தன. பட்டினி கிடந்தாலும் அவை மாதக்கணக்கில் சாகா. மாலுமிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன? போகும்போதெல்லாம் பிடித்து, கப்பலின் அடித்தட்டில் மல்லாக்கப் போட்டு அடுக்கினார்கள். குடிக்கத் தண்ணீரும் அங்கேயே கிடைத்தது. ஆமைகள் நடந்து நடந்து தேய்ந்த தடம் ஒன்று கரையிலிருந்து சுனைவரை போகும். அதில் போனால் தண்ணீர். அது யார் போட்ட தடம் என்று ஒருவனும் யோசிக்கவில்லை.

வருடா வருடம் ஆமைகள் குறைந்தன. தடத்தில் புல் முளைத்தது. பிறகு முள் முளைத்தது. கடைசியில் ஒருமுறை, தீவு முழுக்கத் தேடி மிச்சமிருந்த ஆமைகளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு மாநாகன் புறப்பட்டான். பானைகளில் தண்ணீர் நிறைய இருந்ததால் அந்த முறை சுனையை யாரும் தேடவில்லை.

அன்றே சூறைக்காற்று அடித்தது. பாய்மரம் முறிந்து தண்ணீர்ப் பானைகள்மேல் விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. காற்று கப்பலை அதே தீவுக்குத் திருப்பித் தள்ளியது.

சுனையைத் தேடினார்கள். முள்தான் கிடைத்தது. நாக்கு வறண்டு, ஆட்கள் மணலில் சுருண்டு விழுந்தார்கள். அப்போதும் மாநாகன் சமையற்காரன் சடையனைக் கூப்பிட்டு, "ஒரு ஆமையை அறுத்துக் கொழம்பு வை. தெம்பு வரட்டும்" என்றான்.

"வைக்கலாம் ஐயா. தண்ணி?" என்றான் சடையன்.

தண்ணீருக்குத் தடம் போட்டவர்கள் எல்லாரும் தன் கப்பலில் மல்லாந்து கிடப்பது அப்போதுதான் மாநாகனுக்கு உறைத்தது.

பெரிய ஆமை ஒன்றைக் கரைக்குத் தூக்கிவந்து நிமிர்த்தி வைத்தார்கள். அது ஓர் இலையைக் கடித்தது. "போ" என்று மாநாகன் பின்னாலிருந்து தள்ளினான். ஆமை ஓட்டுக்குள் போய்விட்டது. கயிறு கட்டி இழுத்தான். ஓட்டுக்குள் போய்விட்டது. கப்பலே நடுங்கும் குரலில் அதட்டினான். இன்னும் உள்ளே போய்விட்டது.

கடைசியில் மணலில் உட்கார்ந்து, "தாயே, எப்ப மனசு வருதோ அப்பவே போ" என்று கும்பிட்டான். பிறந்ததிலிருந்து அவன் யாரையும் கெஞ்சியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தலை வெளியே வந்தது. ஆமை நடந்தது. மாநாகன் பின்னால் நடந்தான். அவன் பின்னால் குடங்களோடு மாலுமிகள். ஆமை நின்றால் எல்லாரும் நின்றார்கள். ஆமை மேய்ந்தால் காத்திருந்தார்கள். ஆமை தூங்கினால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டார்கள். அவசரப்பட்டு முந்திப்போன ஒருவன் முள்ளுக்குள் விழுந்து, முனகிக்கொண்டே வரிசைக்குத் திரும்பினான்.

பொழுது சாயும்போது பாறை இடுக்கில் சுனை தெரிந்தது. ஆமை கழுத்தை நீட்டிக் குடித்தது. பக்கத்திலேயே மாநாகனும் குப்புறப் படுத்துக் குடித்தான்.

சடையன் குடத்தை நிரப்பிக்கொண்டு கேட்டான். "தண்ணி கெடச்சிருச்சு ஐயா. இப்ப கொழம்பு வைக்கவா?"

மாநாகன் ஆமையைப் பார்த்தான். வெட்கமாக இருந்தது.

"பருப்பு இருக்கா?"

"புழுத்த பருப்புதான் இருக்கு ஐயா."

"அதை வை."

மற்ற ஆமைகளையும் இறக்கி நிமிர்த்தி விட்டார்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சுனைப் பக்கம் நடந்தன. இனி என் கப்பலில் ஆமை ஏறக்கூடாது என்று மாநாகன் ஆணையிட்டான். முறிந்த பாய்மரத்தை ஒட்டுப்போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேரும்வரை புழுத்த பருப்பையே தின்றான், முகம் சுளிக்கவில்லை.

வயதான காலத்தில் அவன் மறுபடி அங்கே போனபோது, கரையிலிருந்து சுனைவரை தடம் வெள்ளையாகத் தேய்ந்து கிடந்தது. எதிரே ஓர் ஆமை வந்தது. மாநாகன் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டான்.

தன் வயிற்றுக்காக ஓர் உயிரினத்தை அடியோடு அழிப்பவன், தான் பிழைக்கும் வழியையும் சேர்த்தே அழித்துவிடுகிறான்.