லில்லிபுஷ்பத்தின் பன்னிரண்டு மாதங்கள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று. ஆசிரமம், பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. குரு சண்முகவடிவு அங்கே ஊர்க்காரர்களுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறவர். சீடர் ஜெபசிங், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். மே மாதம் ஒரு நாள் படியேறி வந்து, "வீட்டுல சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிரும், தொழிலைச் சொல்லித் தாங்க டீச்சர்" என்று உட்கார்ந்தவர்தான்.

முதல் நாளே கேட்டார். "வரி யாரு கட்டணும்?"

"வருமானம் யாருக்கு வந்துச்சோ அவங்க கட்டணும்."

"அவ்வளவுதானா?"

"அது புரியவே ரெண்டு மாசம் ஆகும் சார்."

ஜெபசிங்குக்குச் சுருக்கென்றது. முப்பத்து நாலு வருஷம் தீர்க்கரேகை நடத்திய மனுஷன் அல்லவா. ஆனால் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். கடை வாடகையை மகன் பேரில் எழுதச் சொன்ன ஒரு வியாபாரியிடம், "வாங்கிப் பையில போட்டது நீரு. அவன் பேர்ல எப்படிவே எழுத?" என்று அவரே பாடம் நடத்தினார். சண்முகவடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஜூலை கடைசி வாரம். சீடர் தயார் செய்கிற ஒவ்வொரு கணக்கையும் குரு ஒரு முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். அன்றைக்குக் கட்டின் அடியில் ஒன்று இருந்தது. லில்லிபுஷ்பம், அரசு மருத்துவமனை நர்ஸ். ஜெபசிங்கின் மனைவி. போன வருஷம் அக்டோபர் கடைசியில், பணியில் இருக்கும்போதே இறந்துபோனவர்.

சண்முகவடிவு இரண்டு தடவை படித்தார்.

"சார், இதுல மார்ச் வரைக்கும் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"அக்டோபருக்கு அப்புறம் வந்தது உங்க குடும்ப ஓய்வூதியம். உங்க பாங்குக்கு வந்திருக்கு. உங்க கணக்குல அதைக் காணோம்."

"அவ கணக்குல போட்டிருக்கேன்."

"இறந்த நாள் வரைக்கும்தான் அவங்க கணக்கு. அதுலயும் வாரிசுன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

"தெரியும் டீச்சர். போன வாரம் ஒரு அம்மாவுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய செல்போனை எடுத்து மேஜையில் வைத்தார். லில்லிபுஷ்பத்தின் போன். ஒன்பது மாதமாக மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்து வருகிறார்.

"ஓடிபி இதுலதான் வரும். வாரிசுக் கையெழுத்து ஒண்ணும் வேண்டாம். அவளே அனுப்பின மாதிரி போயிரும்."

சண்முகவடிவு போனைத் தொடவில்லை.

"அவங்க சம்பளத்தோட இதையும் சேர்த்தா வரி கூடுதலா வருமே சார்."

"வரட்டும், கட்டுதேன். அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்?" அவர் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரி, சர்ச், ரேஷன் கார்டு, எல்லாத்துலயும் அவ பேரை எடுத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. இதுலயாவது மார்ச் வரைக்கும் இருந்துட்டுப் போறா. கட்டுதேன்னு சொல்றவன்கிட்ட வாங்கிக்கிட என்ன டீச்சர் தடை?"

பாவமாக இருந்தது. சண்முகவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை விட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பென்சிலை எடுத்தார்.

"நவம்பர்ல சோறு யாரு பொங்குனா?"

"நான்தான். குழைஞ்சு போச்சு."

காகித ஓரத்தில் நவம்பர் என்று எழுதிக்கொண்டார்.

"கிறிஸ்துமஸுக்கு?"

"ஸ்டார் கட்டல. அவதான் ஏணியைப் பிடிப்பா."

டிசம்பர்.

"ஜனவரி?"

"ஒண்ணுமில்ல. டிவி பாத்தேன்."

"பிப்ரவரியில காய்ச்சல்ல கிடந்ததாச் சொன்னீங்களே."

ஜெபசிங் சிரிக்கப் பார்த்தார். "நர்ஸ் வீடு டீச்சர். மாத்திரை டப்பா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. நாலு நாள் அப்படியே கிடந்தேன்."

"யாரு பாத்தா?"

"யாரும் இல்ல."

பென்சில் நின்றது.

"அவங்க இருந்திருந்தா நாலு நாள் உங்களைக் கிடக்க விட்டிருப்பாங்களா?"

"ஒரு மணி நேரம் விட மாட்டா."

சண்முகவடிவு அந்தப் போனை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"அப்போ பிப்ரவரியை அவங்க பேர்ல எழுதாதீங்க சார். அவங்க மேல பழி வரும்."