ஊசிமலை வேனுக்கு எஃப்.சி.

ஊசிமலை மடத்தில் பொன்னுரங்கத்துக்கு இது பதினோராவது வருஷம். வேன் ஓட்டுவது, விறகு பிளப்பது, உற்சவத்துக்குப் பந்தல் போடுவது, எல்லாம் அவர்தான். வயது ஐம்பத்தெட்டு. இன்னும் வெள்ளை வேட்டிதான். காவி கிடைக்கவில்லை.

மடத்தின் தலைமை கோமதியம்மாள். பொன்னுரங்கத்தைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா, பொன்னுரங்கத்துக்கும்தான்.

போன மாதம் நிர்மலுக்கு அம்மா காவி கொடுத்தார். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த ஆள், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விறகு பிளக்கச் சொன்னால் காலைப் பிளந்துகொள்வான். அன்றைக்குப் பந்தியில் பொன்னுரங்கம் பாயசத்தைத் தொடவில்லை. எப்படித் தொடுவார்? தொண்டையில் இறங்குமா?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் நேராகப் போய் நின்றுவிட்டார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“நேத்து வந்தவங்களுக்கு எந்தச் சோதனையும் கிடையாது. பழைய ஆளுங்களைத்தான் வருஷா வருஷம் சோதிக்கிறீங்க. இது என்ன நியாயம்?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“நம்ம வேனுக்கு எஃப்.சி. எப்போ?”

“வர்ற புதன்கிழமை.”

“காட்டிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்.”

அவ்வளவுதான். பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. வண்டி தேறினால் காவி! அவரே அப்படி முடிவு கட்டிக்கொண்டார்.

பழைய வண்டியை வருஷம் ஒரு தடவை டவுன் ஆபீசுக்கு ஓட்டிப்போய், ரோட்டில் ஓட லாயக்கு என்று சான்று வாங்க வேண்டும். அதுதான் எஃப்.சி. மடத்து வேனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறந்துகொள்ளும். ஆனால் மலையில் வேறு வண்டி ஏது? தினமும் காலையில் மலைக்குடியிருப்புப் பிள்ளைகள் அதில்தான் கீழே பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பொன்னுரங்கம் நாலு நாள் தூங்கவில்லை என்றே சொல்லலாம். துருவைச் சுரண்டினார், பள்ளங்களுக்குப் பட்டி வைத்தார், தானே பெயிண்ட் அடித்தார். முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு வாங்கிப் போட்டார். வேன் மாப்பிள்ளை மாதிரி நின்றது.

டயர்தான் பிரச்சினை. நாலும் மொட்டை. தடவிப் பார்த்தால் வழவழ, ரப்பரில் பட்டனே இல்லை.

அம்மாவிடம் சொல்லியிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பார். அது பொன்னுரங்கத்துக்கும் தெரியும். ஆனால் வண்டி லாயக்கில்லை என்று தன் வாயாலேயே போய்ச் சொல்வதா? அதுவும் இந்த நேரத்திலா? வாய் வரவில்லை.

ஆபீசுக்கு எதிரே ஒரு டயர்க்கடை உண்டு. எஃப்.சி.க்கென்றே அங்கே நல்ல டயர்கள் வாடகைக்குக் கிடைக்கும். காலையில் மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம், காட்டி முடித்ததும் கழற்றிக் கொடுத்துவிடலாம். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போகிற கதைதான். அந்தத் தெருவில் தெரியாதவர் யாருமில்லை.

புதன்கிழமை மைதானத்தில் பழைய வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வேனுக்கு முன்னால் ஒரு அம்பாசிடர். அதன் டிரைவர் சவரிமுத்து, காதோரம் நரைத்த ஆள். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், டயரை ஓர் உதை விட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

“டயரை மாத்திட்டு அடுத்த வாரம் வாங்க.”

சவரிமுத்து பேசாமல் வண்டியைத் திருப்பினார். போகிற போக்கில் பொன்னுரங்கத்தின் டயரைப் பார்த்தார்.

“எதிர்க்கடையா?”

பொன்னுரங்கம் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“நானும் போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் அண்ணே” என்றார் சவரிமுத்து. “இந்தத் தடவை என் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. ராத்திரி வலி எடுத்தா இதுலதான் கூட்டிட்டுப் போகணும்.”

பாவம், பிழைக்கத் தெரியாதவர் என்று பொன்னுரங்கம் நினைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வேனைச் சுற்றி வந்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். பிரேக் போடச் சொன்னார். வேன் கப்பென்று நின்றது.

“பரவாயில்லையே! இந்த வயசுல இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களே!”

“மடத்து வண்டி சார்” என்றார் பொன்னுரங்கம். பதினோரு வருஷத்தில் யாரும் அவரை இப்படிச் சொன்னதில்லை.

கடையில் டயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய மொட்டை டயரிலேயே மலை ஏறினார். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் லேசாக இழுத்தது. மழைகூட இல்லை. “முருகா!” என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கியபோது முதல் கியரைவிட்டு மாற்றவேயில்லை. பிள்ளைகள் கத்திப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அன்று சாயங்காலம் தூறல் பிடித்தது. அம்மா வேனருகே வந்தார். கையில் மடித்த காவித் துணி.

பொன்னுரங்கம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சான்றை இரண்டு கையாலும் நீட்டினார். அம்மா வாசித்துப் பார்த்தார்.

“நல்லது. கீழே குருநாதர் சமாதிக்குப் போவோம். அங்க வச்சுத் தர்றேன்.”

சொல்லிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். பொன்னுரங்கமும் ஏறினார். சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

“எடுங்க.”

“மழையா இருக்கும்மா. நாளைக்குப் போலாமே.”

“தூறல்தானே?”

“ரோடு வழுக்கும்மா.”

“அதான் சர்டிபிகேட் இருக்கே.”

பொன்னுரங்கம் ஸ்டியரிங்கையே பார்த்தார்.

“டயர் சரியில்லம்மா. வாடகை டயர் போட்டுத்தான் காட்டினேன். உங்களை வச்சுக்கிட்டு இதுல இறங்க எனக்குத் தைரியம் இல்ல.”

தூறல் கூரையில் சத்தம் போட்டது.

“காலையில பிள்ளைங்க இதுலதானே போனாங்க?”

“ஆமாம்மா.”

“அப்ப தைரியம் இருந்துச்சா?”

பொன்னுரங்கத்துக்கு முகம் சிவந்தது. வெட்கம் பாதி, கோபம் பாதி.

“எல்லாரும் செய்யறதுதான்மா. வருஷா வருஷம் இப்படித்தான் காட்டறேன். ஒரு தடவையாவது நீங்க குனிஞ்சு டயரைப் பார்த்ததுண்டா? சர்டிபிகேட்டை மட்டும்தானே பார்த்தீங்க?”

“இல்ல” என்றார் அம்மா. “பார்க்கல. தப்புதான்.”

அதைப் பொன்னுரங்கம் எதிர்பார்க்கவில்லை.

“டயர் வேணும்னு என்கிட்ட ஏன் கேக்கல?”

“கேட்டா... இது தேறாதுன்னு நினைச்சுடுவீங்கன்னு.”

“வேனையா?”

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா இறங்கினார். தூறலில் நின்று நாலு டயரையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கையெல்லாம் கரி. முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“புது டயர் வர்ற வரைக்கும் வேன் நிக்கட்டும். பிள்ளைங்க நடந்தே இறங்கட்டும், நானும் கூட நடக்கறேன்.”

“நானும் வர்றேம்மா.”

“வாங்க.”

காவித் துணி இன்னும் அம்மா கையில்தான் இருந்தது. பொன்னுரங்கத்தின் கண் அதைவிட்டு நகரவில்லை. நகர்த்த முயன்றார், முடியவில்லை. அம்மா அதைக் கவனித்தார். ஜன்னல் வழியே துணியை அவர் மடியில் வைத்தார்.

“அம்மா!”

“நாளன்னிக்குப் பௌர்ணமி. நிறையப் பேர் வருவாங்க. இதைக் கட்டிக்கிட்டு முன்வரிசையில உட்காருங்க. எல்லாரும் விழுந்து கும்பிடுவாங்க.”

பொன்னுரங்கத்தின் கை துணியைத் தொட்டது.

“கூட்டம் இறங்கினதும் கழட்டிக் கொண்டாந்து குடுத்துடுங்க.”