நீரோரத்து நண்டு

கண்டல்தீவுக்கு நாளொன்றுக்குப் பத்து விருந்தினர்தாம். அதற்குமேல் ஓர் ஆளைக்கூடத் தீவின் ஆதிகுடிகள் இறங்க விடுவதில்லை. வந்தவர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போகிறவள் அந்தக் குடியில் பிறந்த எலூமி. அவளிடம் வழிகாட்டப் பழகிக்கொண்டிருந்தவர் சந்தியாகு. முப்பது வருஷம் படகோட்டிய மனுஷன். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு, குருவுக்கு முப்பத்தொன்று. அவர் அவளைத் தாயி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

புயலுக்கே அஞ்சாதவருக்கு, காட்டுக்குள் போகும் வழியில் குறுக்கிடும் ஓர் ஓடையைக் கண்டால் பயம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரியும், முழங்கால்தான். முதலை எங்கே கிடக்கிறது என்பதுதான் தெரியாது.

எலூமியின் சனத்துக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆள் அரவம் கேட்டதும் சேற்று நண்டெல்லாம் வளைக்குள் ஓடிவிடும். வந்தவர்கள் அசையாமல் நிற்கவேண்டும். மெல்ல நண்டுகள் வெளியே வரும். நீரோரத்து நண்டும் வந்துவிட்டால் இறங்கலாம். அது மட்டும் வரவில்லையென்றால் தண்ணீரில் ஏதோ கிடக்கிறது. பேசாமல் திரும்பிவிட வேண்டும்.

அன்று காலை சந்தியாகு கேட்டார்.

"தாயி, இந்தப் பயம் என்னைக்குப் போகும்? மூணு மழைக்காலம் பார்த்தாச்சு. இன்னும் கால் நடுங்குது. நடுங்குற காலை நம்பி எவன் பின்னால வருவான்?"

எலூமி வழிகாட்டிக்குரிய தன் கைக்கோலை நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்க முன்னால போங்க, அண்ணே. ஒருத்தர் குறையாம திரும்பிட்டா கோல் உங்களுக்கு."

ஓடைக்கரையில் பத்துப் பேரும் நின்றார்கள். சந்தியாகுவும் நின்றார். கால் ஆடியது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு விருந்தினர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன பெரியவரே, நண்டு உத்தரவு கொடுக்கணுமா? காலு தந்தியடிக்குதே! நான் வேணா முன்னால போகட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சந்தியாகுவுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வயசுக்கு மேல் இப்படி ஒரு பேச்சா? அவமானம் வந்து பயத்தை அப்படியே விழுங்கிவிட்டது. மனுஷன் இறங்கிவிட்டார்.

ஓரடி. ஈரடி. கால் நடுங்கவில்லை! மூன்றாவது அடியில் சிரிப்பே வந்தது. அட, இவ்வளவுதானா என்றிருந்தது.

"அண்ணே." எலூமியின் குரல் தணிந்து வந்தது. "அசையாதீங்க. கரையைப் பாருங்க."

பார்த்தார். மேட்டுச் சேற்றில் நண்டுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நீரோரத்தில் ஒன்றுகூட இல்லை.

போன பயம் திரும்பி வந்தது. திரும்பினால் தண்ணீர் சலசலக்கும். முகத்தைத் திருப்பாமல், பாதத்தால் சேற்றைத் தடவித் தடவிப் பின்னால் வந்தார். இரண்டு கோல் தூரத்தில் கிடந்த கட்டை கண்ணைத் திறந்தது.

கரையில் எலூமி கண்ணாடிக்காரரின் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தாள். அவருடைய ஒரு கால் தண்ணீருக்கு மேலே தூக்கியபடி நின்றது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் கண்ணாடிக்காரர்தான் வாயைத் திறந்தார். "அதைச் சுட்டுத் தள்ளக் கூடாதா?"

"யாரையாவது கடிச்சா நீங்க சொல்லாமலே சுட வருவாங்க," என்றாள் எலூமி. "அப்புறம் ஓடைக்குப் பாலம் வரும். பத்துப் பேரு வர்ற இடத்துல ஆயிரம் பேரு வருவாங்க. அதுக்கப்புறம் நாங்க எங்க போறது?"

விருந்தினர் பத்துப் பேரும் படகேறிப் போனபின் சந்தியாகு கோலை நீட்டினார்.

"இது எனக்கு வேணாம், தாயி. நான் லாயக்கில்ல. பாருங்க, இன்னும் நடுங்குறேன்."

எலூமி கோலை வாங்கவில்லை. நடுங்கிய அந்த விரல்களைக் கோலைச் சுற்றி மடக்கிவிட்டாள்.

"பயம் என்னைக்குப் போகும்னு கேட்டீங்களே அண்ணே, இன்னைக்குத்தான் போச்சு, மூணு அடிக்கு. அந்த மூணு அடியிலதான் நீங்க நண்டைப் பார்க்கல."